மலை இறங்கும் சைக்கிளுக்கு எந்த பிரேக் பேட்?
ரேணிகுண்டாவைச் சுற்றிய நிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ரேணிகுண்டா சந்திப்பிலிருந்து வடமேற்கே சேஷாசலம் தொடங்குகிறது. தெற்கே புத்தூர், நகரி மலைகள். வடகிழக்கே காளஹஸ்திக் குன்றுகள். சென்னையிலிருந்து திருத்தணி, நகரி வழியாக வரும் சாலை இந்த மலைகளை ஒட்டியே ஓடுகிறது. கடப்பா சாலையோ மாமண்டூர்க் காட்டுக்குள் புகுந்து போகிறது. கியர் வைத்த மலைச் சைக்கிள்கள் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, ஏற்றம் இறக்கம் தேடி இந்தப் பக்கம் வருகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். திருப்பதி, சித்தூர் இளைஞர்களுக்கோ இந்த மலைகள் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன.

வண்டி வாங்கும்போது சட்டகம், கியர், டயர் என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். டிஸ்க் பிரேக் இருக்கிறதா என்றும் கேட்கிறோம். அந்த டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் எதனால் ஆனது என்று கேட்பவர்கள் குறைவு. இறக்கத்தில் உயிரைத் தாங்குவது, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான அந்தத் துண்டுதான். அது தேய்ந்த பிறகு கடைக்குப் போனால் ரெசின், செமி மெட்டாலிக், சின்டர்ட், செராமிக் என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "விலை கூடியது நல்லது" அல்லது "மெட்டல் போட்டால் நீண்ட நாள் வரும்" என்பதுதான். இரண்டும் பாதி உண்மை. எந்த மலை, எந்த மாதம், எந்த ரோட்டர் (பேட் கவ்வும் அந்த டிஸ்க்) என்ற மூன்றையும் கேட்காமல் பேடைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விளிம்பிலிருந்து வட்டுக்கு

சக்கரத்தின் விளிம்பை அழுத்தி நிறுத்துவது பழைய முறை. தனியாக ஒரு வட்டைப் பொருத்தி அதைக் கவ்வி நிறுத்துவது புதிய முறை. ரேணிகுண்டா நடைமேடையில் நின்றாலே இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலை 1955 முதல் கட்டிவந்த பழைய வகைப் பெட்டிகளில் பிரேக் கட்டைகள் சக்கரத்தின் மேலேயே உரசும். 2000ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் ஓடத் தொடங்கிய எல்.எச்.பி. பெட்டிகளில் ஒவ்வோர் அச்சிலும் இரண்டு டிஸ்க்குகள் இருக்கின்றன. 2018இல் ஐ.சி.எஃப். பழைய வகைப் பெட்டி கட்டுவதையே நிறுத்திவிட்டது. சைக்கிளிலும் இதே மாற்றம்தான் நடந்தது. விளிம்பு பிரேக்கில் சேறும் தண்ணீரும் நேரே உரசுமிடத்துக்கு வந்துவிடும். தொடர்ந்து பிடித்தால் விளிம்பு சூடேறி, டியூபையும் பாதிக்கும். டிஸ்க் அச்சுக்கு அருகில் இருப்பதால் சேற்றிலிருந்து சற்று விலகி நிற்கிறது. சக்கரம் கொஞ்சம் கோணினாலும் பிரேக் வேலை செய்யும்.

மலை இறக்கத்துக்கும் பிரேக் பொருளுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் குதிரைவண்டிக்காரர்கள் இறக்கத்தில் பழைய பூட்ஸ் தோலைப் பிரேக் கட்டையாக வைப்பதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், அதைவிடச் சிறந்த உராய்வுப் பொருளைத் தேடினார். 1897இல் அவர் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம் இன்றும் பிரேக் துறையில் பெரிய பெயர். மலைச் சைக்கிளின் கதையும் அப்படித்தான். 1976இல் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களில் மலையிறங்கிப் பந்தயம் விட்டார்கள். ஒவ்வொரு இறக்கத்திலும் பின்சக்கர ஹப் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்து போகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். வெப்பத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற அன்றைய சிக்கலைத்தான் இன்றைய பேடும் ரோட்டரும் வேறு வடிவில் சந்திக்கின்றன.

பேடுக்குள் இருப்பது என்ன?

பேடின் பின்னால் ஓர் உலோகத் தகடு. அதன்மேல் உராய்வுப் பொருள். இந்த உராய்வுப் பொருள்தான் வகையைத் தீர்மானிக்கிறது.

ஆர்கானிக் என்றும் ரெசின் என்றும் சொல்லப்படும் வகையில், அராமிட் போன்ற இழைகளும் ரப்பரும் பலவகைத் தூள்களும் ஃபீனாலிக் பிசினில் கட்டப்பட்டிருக்கும். ரோட்டரைத் தொட்டவுடன் பிடிக்கும். சத்தம் குறைவு. ரோட்டரை அதிகம் தின்னாது. உலோகம் குறைவு என்பதால் வெப்பம், பேடைத் தாங்கி நிற்கும் காலிப்பருக்குள் வேகமாக ஏறாது. ஆனால் ஈரச் சேற்றில் வேகமாகக் கரையும். நீண்ட நேரம் கடும் சூட்டில் இருந்தால் பிசின் சிதைந்து வாயு கக்கும். அப்போது பிடிப்பு தளர்ந்து, மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும்.

கடைகளில் மெட்டல் என்று சொல்லும் சின்டர்ட் வகையில் செம்பு, இரும்பு போன்ற உலோகத் தூள்களை அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஒன்றாக இறுக வைக்கிறார்கள். கட்டிப்பிடிக்கப் பிசின் இல்லை. அதனால் சூட்டைத் தாங்கும், ஈரத்திலும் உழைக்கும், நெடுநாள் வரும். குளிர்ந்திருக்கும்போது முதல் பிடிப்பு சற்று மந்தம். சத்தம் கூடுதல். ரோட்டரை வேகமாகத் தேய்க்கும். உலோகம் வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் சூடு பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் விரைவில் போய்ச் சேரும்.

செமி மெட்டாலிக் என்பது பிசினில் உலோகத் துகள்கள் கலந்த நடுவகை. செராமிக் என்ற பெயரில் விற்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பெயரைவிடப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் பயன்பாட்டு விளக்கமே அங்கே நம்பத்தக்கது. நிறத்தை வைத்துத் தேர்வதும் சரியல்ல. ஒரு நிறுவனத்தின் சிவப்புப் பேடும் இன்னொரு நிறுவனத்தின் சிவப்புப் பேடும் ஒரே கலவை என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த உராய்வுப் பொருள்களின் மூலப்பொருள்கள் நம் நிலத்தோடு நெருக்கமானவை. ரேணிகுண்டாவிலிருந்து குந்தக்கல் செல்லும் ரயில் பாதையில் ஓபுலவாரிபள்ளி வருகிறது. அதை அடுத்த மங்கம்பேட்டையில் இருப்பது உலகின் மிகப் பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று. பேரைட்டின் பெரும்பகுதி எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலைக்குப் போகிறது. கனமும் வெப்பம் தாங்கும் குணமும் இருப்பதால் பிரேக் லைனிங்குகளிலும் அது நிரப்புப் பொருளாகச் சேர்க்கப்படுகிறது. சிவகங்கையில் கிடைக்கும் கிராஃபைட், உராய்வைச் சீராக வைத்திருக்க உதவும் கனிமம். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டைத் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் போன்ற எண்ணெயிலிருந்துதான் பிரேக் துறையில் பெரிதும் பயன்படும் உராய்வுத் தூள் செய்கிறார்கள்.

கடப்பா மாவட்டத்துப் புலிவெந்துலா பகுதியில் ஒரு காலத்தில் அஸ்பெஸ்டாஸும் தோண்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகின் பிரேக் லைனிங்குகள் அதை நம்பியே இருந்தன. அதன் நுண்ணிழைகள் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குவது நிறுவப்பட்ட பிறகு நாடுகள் ஒவ்வொன்றாக விலக்கின. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் முழுத் தடை. பெயர் பெற்ற நிறுவனங்களின் சைக்கிள் பேடுகளில் இன்று அஸ்பெஸ்டாஸ் இல்லை. பெயரும் ஊரும் இல்லாத பொட்டலங்களில் அந்த உறுதி கிடையாது. எந்தப் பேடாக இருந்தாலும் காலிப்பரில் படிந்த தூளை வாயால் ஊதுவதோ காற்றழுத்தக் குழாயால் அடிப்பதோ கூடாது. ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

சென்னை இத்துறையில் பழுத்த நகரம். பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962இலும், அம்பத்தூர் வட்டாரத்தில் ரானே பிரேக் லைனிங் 1964இலும், பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இலும் தொடங்கின. இவை பெரும்பாலும் மோட்டார் வாகனங்களுக்கும் ரயிலுக்கும் செய்பவை. மலைச் சைக்கிளுக்கு நாம் வாங்கும் பேடுகளில் பெரும்பாலானவை இறக்குமதி. இந்தியச் சூழலுக்கென்றே சோதித்து எழுதிய குறிப்பு பொட்டலத்தில் இருக்காது. அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெப்பக் கணக்கு: காட் ரோடும் காட்டுப் பாதையும்

இறக்கத்தில் நாம் இழக்கும் உயரம் முழுவதும் ஏதாவதொரு வகையில் வெப்பமாகத்தான் போக வேண்டும். திருமலையை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். 1944இல் திறந்த முதல் மலைப்பாதை இன்று இறங்குவதற்கும், 1974இல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. இறங்கும் பாதை ஏறத்தாழ 19 கி.மீ. நீளம், 700 மீட்டர் அளவுக்கு உயர வேறுபாடு. ஆளும் வண்டியுமாக 90 கிலோ என்று வைத்தால், மேலிருந்து கீழே வருவதற்குள் சுமார் 6 லட்சம் ஜூல் ஆற்றல் கழிய வேண்டும். கேட்க மிகப் பெரிய எண். எல்லாம் பிரேக்குக்குத்தான் போகிறதா?

அப்படியில்லை. சராசரிச் சரிவு 100 மீட்டருக்கு 4 மீட்டர்கூட இல்லை. மணிக்கு 27 கி.மீ. வேகத்தில் சீராக இறங்கினால் ஈர்ப்பு விசை தரும் ஆற்றல் வினாடிக்குச் சுமார் 245 ஜூல், அதாவது 245 வாட். அதில் காற்றின் எதிர்ப்பு 120 வாட்டையும், பட்டை வைத்த டயரின் உருளல் எதிர்ப்பு 80 வாட்டையும் எடுத்துக்கொள்கின்றன. பிரேக்குக்கு மிஞ்சுவது 50 வாட்டுக்கும் குறைவு.

இப்போது ஒரு காட்டுப் பாதை. நீளம் ஒரு கிலோமீட்டர்தான், ஆனால் சரிவு 100 மீட்டருக்கு 15 மீட்டர். கற்கள் நிறைந்திருப்பதால் வேகம் மணிக்கு 15 கி.மீ. தாண்டாது. அங்கே ஈர்ப்பு தருவது 540 வாட்டுக்கு மேல். வேகம் குறைவு என்பதால் காற்று எடுத்துக்கொள்வது 20 வாட் அளவுதான். கரடுமுரடான தரை 110 வாட்டை எடுத்தாலும், பிரேக் தனியாக 400 வாட்டைச் சுமக்க வேண்டும். நீண்ட காட் ரோட்டைவிடக் குட்டையான செங்குத்துப் பாதை எட்டு மடங்கு கடினம். "மலை உயரம், ஆகவே மெட்டல் பேட்" என்ற வாதம் இங்கே உடைகிறது. உயரத்தைவிடச் சரிவும், காற்று உதவ முடியாத குறைந்த வேகமுமே பேடைச் சுடுகின்றன.

வளைவுகளின் கணக்கு வேறு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வந்து, கொண்டை ஊசி வளைவில் 15க்குக் குறைத்தால் சுமார் 4,800 ஜூல் சில வினாடிகளில் பிரேக்குக்குள் இறங்கும். அதில் பத்தில் ஏழு பங்கை முன்பிரேக் ஏற்றுக்கொண்டால், 120 கிராம் எடையுள்ள 160 மி.மீ. ரோட்டரின் வெப்பநிலை ஒரே பிடிப்பில் 55 பாகை செல்சியஸ் கூடும். ரோட்டர் 203 மி.மீ. என்றால், எடை 200 கிராம் அளவில் இருப்பதால், ஏற்றம் 33 பாகை மட்டுமே. இரண்டு வளைவுகளுக்கு நடுவே காற்று ஆற்றிவிட்டால் சிக்கல் இல்லை. அடுத்தடுத்து வளைவு வந்தால் சூடு படிப்படியாகச் சேரும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையும், 36 வளைவுகளோடு செங்குத்தாக இறங்கும் உதகை கல்லட்டிப் பாதையும் இப்படித்தான் பிரேக்கைச் சோதிக்கின்றன. கல்லட்டியில் மோட்டார் வண்டிகளின் பிரேக்கே தோற்று எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன.

இன்னொரு நம்பிக்கையையும் இந்தக் கணக்கு திருத்துகிறது. "ரேணிகுண்டா வெயிலுக்கு ரெசின் தாங்காது" என்பார்கள். மே மாதத்தில் இங்கே 40 பாகையைத் தாண்டுவது உண்மை. 17 பாகைக் குளிர்ப் பிரதேசத்தைவிட 25 பாகை கூடுதல். ஆனால் மேலே பார்த்த ஒரே ஒரு வளைவுப் பிடிப்பு அதைப்போல் இரண்டு மடங்குச் சூட்டை ரோட்டருக்குத் தருகிறது. ரெசின் தளரத் தொடங்குவது ரோட்டர் சில நூறு பாகையை எட்டும்போதுதான். ஊர் வெயில் பேடைத் தேர்ந்தெடுக்கும் காரணமாகாது. பிரேக்கை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்கும் பழக்கம்தான் ரெசினைக் கெடுக்கிறது. வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, பிறகு முழுதாக விட்டு ஆறவிடுகிறவருக்கு ரெசின் பேட் நம் காட் ரோடுகளில் குறை வைப்பதில்லை.

கல்லும் மழையும்

வெயிலைவிடப் பேடுக்குப் பெரிய எதிரிகள் இந்த நிலத்தில் இரண்டு உண்டு. முதலாவது கல். திருமலை மலைப்பாதையில், அடியில் கிடக்கும் மிகப் பழைய கருங்கல் பாறைமேல் குவார்ட்சைட் அடுக்குகள் அமர்ந்திருக்கும் இடத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. நகரி மலையின் தலையும் இதே குவார்ட்சைட்தான். அது உதிர்ந்து மணலாகும்போது கிடைப்பது குவார்ட்ஸ் துகள். மோஸ் கடினத்தன்மை அளவில் 7. எஃகு ரோட்டரையே கீறக்கூடியது. சொர்ணமுகி ஆற்றுப்படுகையிலும் மலையடிவாரப் பாதைகளிலும் நாம் மிதித்துப் போவது இந்த மணலைத்தான்.

காய்ந்திருக்கும்வரை இந்தத் தூள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இரண்டாவது எதிரி வந்து சேரும்போதுதான் நிலைமை மாறுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2021 நவம்பரில் திருப்பதி நகரமும் சொர்ணமுகிக் கரையும் வெள்ளத்தில் மூழ்கின. அடுத்த மாதத் தொடக்கத்தில் திருமலை ஏறும் பாதையில் பாறைகள் உருண்டு சாலையே பெயர்ந்தது. அப்படிப்பட்ட ஆண்டுகள் அரிது. சாதாரண ஆண்டிலும் மண்பாதைகள் இந்த மூன்று மாதமும் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். மணல் கலந்த தண்ணீர் ரோட்டரில் ஒட்டிக்கொண்டு பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவே உப்புத்தாள்போல அரைக்கும். ரெசின் பேட் ஒரே நாள் நீண்ட சேற்று ஓட்டத்தில் தகடு தெரியும்வரை கரைந்துபோவது உலகெங்கும் மழைநாட்டு ஓட்டுநர்கள் அறிந்தது. சின்டர்ட் பேட் தன் விலையை மீட்டுத்தருவது இந்த மூன்று மாதத்தில்தான்.

2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் கேரளத்தின் பொன்முடியில் நடந்தது. ஒலிம்பிக் வாய்ப்பைத் தீர்மானிக்கும் போட்டி தென்னிந்தியாவின் ஈரமான மலையொன்றுக்கு வந்தது நமக்குப் பெருமை. இமாசலத்தில் சிம்லாவை மையமாகக் கொண்டு பல ஆண்டுகளாக நடக்கும் எம்.டி.பி. ஹிமாலயா பந்தயத்தின் நிலமோ வேறு: உயரம், குளிர், நீண்ட இறக்கம். இரண்டுக்கும் ஒரே பேடைப் பரிந்துரைக்க முடியாது. அப்படியிருக்க, பொதுவாக "மலைச் சைக்கிளுக்கு இது சிறந்த பேட்" என்று எழுதும் எந்தப் பட்டியலும் நமக்கு முழுமையாகப் பொருந்தாது.

ரோட்டர் முதலில்

பேட் வாங்கும் முன் குனிந்து ரோட்டரைப் பார்க்க வேண்டும். தொடக்க விலை வண்டிகளின் ரோட்டரில் "ரெசின் பேட் ஒன்லி" என்ற ஆங்கில வாசகம் பொறித்திருக்கும். ஷிமானோவின் ஆர்.டி.10, ஆர்.டி.26, ஆர்.டி.54 போன்றவை இவ்வகை. அந்த எஃகு சின்டர்ட் பேடைத் தாங்கும் அளவுக்குக் கடினப்படுத்தப்பட்டதல்ல. அதில் மெட்டல் பேடைப் போட்டால் ரோட்டர் வேகமாக அரைபட்டு மெலியும். "நீண்ட நாள் வரும்" என்று நம்பி வாங்கிய பேட், அதைவிட விலை கூடிய ரோட்டரைக் கெடுத்துவிடும். நம் கடைகளில் விற்கும் டிஸ்க் சைக்கிள்களில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ரோட்டரோடுதான் வருகிறது என்பதால், இந்த ஒரு வாசகத்தைப் படிப்பதே பலருக்கு விடையாகிவிடும்.

ரோட்டருக்குத் தடிமன் வரம்பும் உண்டு. ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மி.மீ. இருக்கும், 1.5க்கு வந்தால் மாற்ற வேண்டும். ஷிமானோ பேடில் உராய்வுப் பொருள் 0.5 மி.மீ.க்குக் குறைந்தால் தூக்கிப்போட வேண்டும். ஸ்ராம் வகையில் தகடும் உராய்வுப் பொருளும் சேர்த்து 3 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. மெக்கானிக்கிடம் வெர்னியர் அளவி இருந்தால் ஒரு நிமிட வேலை.

அடுத்தது வடிவம். ஒவ்வொரு காலிப்பருக்கும் பேடின் உருவம் தனி. பழைய பேடைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதே பிழையற்ற வழி. ஷிமானோ பேடில் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு இருக்கும். எம்.டி.200 போன்ற பரவலான தொடக்க நிலை பிரேக்குகளுக்குப் பி வடிவம்: பி03எஸ், பி05எஸ் என்பவை ரெசின்.

பிரேக் ஆயிலையும் மறக்கக் கூடாது. ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா கனிம எண்ணெயில் ஓடுபவை. ஸ்ராமின் பெரும்பாலான பிரேக்குகளுக்கு டாட் திரவம், அண்மைக்கால வரிசைகள் சிலவற்றுக்குக் கனிம எண்ணெய். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் கெடும். டாட் 5.1 புதிதாக இருக்கும்போது குறைந்தது 260 பாகையில் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 180க்கு இறங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாத வண்டியில், வெப்பத்தை வேகமாகக் கடத்தும் சின்டர்ட் பேடைப் போட்டுச் செங்குத்தான இறக்கத்தில் இறங்குவது ஆபத்து. பேட் தாங்கும், ஆயில் கொதிக்கும், லீவர் கைப்பிடிவரை வெறுமையாக இறங்கும்.

பிடிப்பு போதவில்லை என்று குறைப்படுகிறவர்களுக்குப் பேடைவிடப் பெரிய ரோட்டர் அதிகப் பயன் தரும். அதே பேட், அதே விரல் அழுத்தத்தில், 160க்குப் பதில் 203 மி.மீ. ரோட்டர் கால் பங்குக்கும் கூடுதலாகச் சக்கரத்தை நிறுத்தும் திறன் தருகிறது. முன்கவை எந்த அளவுவரை அனுமதிக்கிறது என்று பார்த்துவிட்டு, தேவையான அடாப்டரோடு மாற்ற வேண்டும்.

யாருக்கு எது?

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால் தேர்வு தெளிவாகிறது.

வாரநாளில் ஊருக்குள்ளும் வாரக்கடைசியில் தார்ச்சாலை மலையேற்றமுமாக ஓட்டுகிறவர்களுக்கு ரெசின் போதும். ஏலகிரி, ஏற்காடு, ஹார்ஸ்லி ஹில்ஸ் போன்ற காட் ரோடுகளும் இதில் அடங்கும். சத்தமில்லை, ரோட்டர் நீடிக்கும், முதல் தொடுதலிலேயே பிடிக்கும்.

ஜனவரி முதல் செப்டம்பர்வரை மலையடிவார மண்பாதைகளில் ஓட்டுகிறவர்களுக்கும் ரெசினே முதல் தேர்வு. உடல் எடை கூடியவர்கள், சுமையோடு போகிறவர்கள், மின்மோட்டார் வைத்த வண்டிக்காரர்கள் ஆகியோருக்குச் செமி மெட்டாலிக் நல்ல நடுவழி. அதை ரோட்டர் அனுமதிக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் சேற்றில் இறங்குகிறவர்களுக்கும், கற்கள் நிறைந்த செங்குத்துப் பாதைகளைத் தேடிப் போகிறவர்களுக்கும் சின்டர்ட். கூடவே அதைத் தாங்கும் ரோட்டர், புதிய ஆயில். மழையில் ரெசினோடு போக நேர்ந்தால் பையில் ஒரு ஜோடி மாற்றுப் பேட் இருக்க வேண்டும்.

முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று போடுவதில் தவறில்லை. பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறு பின்பேடைத்தான் முதலில் தின்னும் என்பதால், பின்னால் சின்டர்டும் முன்னால் ரெசினும் வைப்பவர்கள் உண்டு. ஒரே காலிப்பருக்குள் இரு வகையைக் கலப்பது மட்டும் கூடவே கூடாது.

கேபிளில் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக்கில் பேட் தேயத் தேயப் பிஸ்டன் தானே முன்னால் வந்துவிடும். கேபிள் வகையில் அது நடக்காது. திருகைத் திருப்பி நாம்தான் நெருக்க வேண்டும். மலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இதைப் பார்க்காவிட்டால் எந்த உயர்ந்த பேடும் உதவாது.

பழக்கமும் பராமரிப்பும்

புதிய பேடைப் போட்ட அன்றே மலைக்குப் போகக் கூடாது. பேடிலிருந்து மெல்லிய படலம் ஒன்று ரோட்டரில் சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும். வண்டி நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் மிதமான வேகமெடுத்து, நடைவேகத்துக்கு வரும்வரை ஒரே சீராகப் பிடித்து, முழுதாக நிற்கும் முன் விட்டுவிட வேண்டும். இதை இருபது தடவை. பிறகு வேகத்தைக் கூட்டி இன்னும் பத்துத் தடவை. சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் தனித்தனியே இப்படிப் பழக்க வேண்டும். பேட் வகையை மாற்றும்போது ரோட்டரைச் சுத்தம் செய்து மறுபடி இதைச் செய்தாக வேண்டும். "புதுப் பேட் பிடிக்கவில்லை" என்று கடையில் திருப்பிக் கொடுக்கப்படும் பேடுகள் பல, பழக்கப்படாத பேடுகளே.

பேடின் மற்றொரு பகை எண்ணெய். செயினுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயின் ஒரு துளி ரோட்டரில் பட்டாலே போதும், பிடிப்பு போய்க் கீச்சொலி தொடங்கும். சர்வீஸ் நிலையத்தில் பளபளப்புக்காக அடிக்கும் சிலிக்கான் பாலிஷும் அதே கெடுதலைச் செய்யும். ரோட்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். விரலால் தொடவும் கூடாது. எண்ணெய் ஊறிய பேடை நெருப்பில் காட்டி மீட்கலாம் என்று சொல்வதை நம்பி மலையிறங்க வேண்டாம். மாற்றிவிடுவதே சரி. சூட்டில் கண்ணாடிபோல் ஆன பேடை மட்டும் நுண்ணிய உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, மறுபடி பழக்கிப் பார்க்கலாம்.

சேஷாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. செம்மரம் இங்கே வளர்கிறது என்பதால் வனத்துறையின் கண்காணிப்பும் கடுமையானது. அனுமதியின்றிக் காட்டுப் பாதையில் நுழைவது குற்றம். வனத்துறை திறந்துவைத்த பாதைகளிலும் ஊர்ப் பொதுப் பாதைகளிலும் மட்டுமே ஓட்ட வேண்டும். தேய்ந்த பேடையும் காலி ஸ்ப்ரே டப்பாவையும் அங்கே எறிந்துவிட்டு வருவதும் கூடாது. பேடிலிருந்து உதிரும் செம்பு நீர்நிலைகளைப் பாதிக்கிறது என்பதற்காகவே அமெரிக்காவின் கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் 2010இல் மோட்டார் வாகனப் பேடுகளில் செம்பின் அளவைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றின. சைக்கிள் பேடின் அளவு சிறியது. ஆனாலும் தேவையில்லாத இடத்தில் சின்டர்டைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணமாகட்டும்.

முடிவு

ரேணிகுண்டாவைச் சுற்றிய நிலத்துக்கு ஆண்டின் ஒன்பது மாதம் ரெசின் பேடே பொருத்தம். மழை மாதங்களின் சேற்றுக்கும் செங்குத்தான கல்பாதைக்கும் சின்டர்ட் வேண்டும், அதையும் ரோட்டர் அனுமதித்தால் மட்டுமே. வெயிலும் மலையின் உயரமும் விலைச்சீட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்க் சைக்கிளை விற்கும்போது ரோட்டர் எந்த வகைப் பேடைத் தாங்கும் என்பதையும், பேட் எப்போது தேய்ந்ததாகக் கருத வேண்டும் என்பதையும் ஒரு வரியில் எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு வண்டி வாங்கித்தரும் பெற்றோர் அந்த வரியைக் கேட்டுப் பெறுங்கள். மலைக்குக் கிளம்பும் நண்பர்களே, வீட்டைவிட்டு இறங்கும் முன் காலிப்பருக்குள் ஒரு முறை எட்டிப் பாருங்கள். பேடில் உராய்வுப் பொருள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தெரிந்தால் அன்று மலைக்குப் போக வேண்டாம். பேடை மாற்றி, பழக்கிவிட்டு, அடுத்த வாரம் போங்கள்.